மைனஸ் பதினைந்து

ஜிப் முழங்காலுக்குக் கீழே வந்ததும் நின்றுவிட்டது. உள்துணியின் ஒரு மடிப்பு அதன் பற்களுக்கிடையே மாட்டியிருந்தது. முற்றத்தில் குனிந்து நின்ற ஆண்களில் ஒருவர் இடுப்பில் கத்தியைத் தேடினார்.

“கிழிச்சிடலாம்பா. லுஹர் தொழுகைக்குள்ள குளிப்பாட்டி முடிக்கணும்.”

“கிழிக்காதீங்க,” என்றாள் கில்தூம். “தள்ளுங்க, நான் எடுத்துத் தரேன்.”

அவர்கள் ஒதுங்கினார்கள். அவள் முழங்காலிட்டு, ஒரு விரலை உள்ளே விட்டுத் துணியைத் தன் பக்கம் இழுத்துப் பிடித்துக்கொண்டு, ஜிப்பின் தலையைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளினாள். பிறகு முன்னுக்கு இழுத்தாள். துணி விடுபட்டது. பதினோரு வருடமாகச் செய்கிற வேலை. மலைக்குளிரில் உள்ளே புகுந்து படுக்கும் அந்தத் தூக்கப்பை இரண்டாகப் பிரிந்து, அதற்குள் அவள் கணவன் பெலாயிதின் கால்கள் தெரிந்தன. சாம்பல் நிறக் கம்பளிக் காலுறை. இடது குதிகாலில் அவள் போட்ட ஒட்டு.

அப்போதுதான் தான் சொன்னது அவளுக்கே உறைத்தது. மலையிலிருந்து பிணமாக வந்தவனை வெளியே எடுக்கும் நேரத்தில், வாடகைக் கடைக்காரரின் பை கிழிந்துவிடக் கூடாதென்று அவள் வாய் முந்திக்கொண்டிருக்கிறது. தன் கைகள் மேலேயே அவளுக்கு ஆத்திரம் வந்தது.

அவனைத் தூக்கிக்கொண்டு வெந்நீர் காய்ந்துகொண்டிருந்த அறைக்குள் போனார்கள். பை முற்றத்திலேயே கிடந்தது. நல்ல பையென்றால் மேலிருந்த பாரம் இறங்கியதும் மூச்சை இழுப்பதுபோல் மெல்ல உப்பி எழும். இது எழவில்லை. ஈரச் சாக்குபோலக் கல்தரையோடு ஒட்டிக் கிடந்தது. கில்தூம் அதன் கால்முனையைக் கையிலெடுத்துத் தையலோரமாக விரலை ஓட்டினாள். இருக்கக் கூடாது, இருக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே ஓட்டினாள். இருந்தது. கோதுமை மணியளவு சிவப்பு நூல் முடிச்சு.

ஏப்ரலில் அவளே போட்ட முடிச்சு. இந்தப் பை செத்துவிட்டது, யாருக்கும் கொடுக்காதே என்று அதற்கு அர்த்தம்.

தஸ்ரிர்த் ஊருக்கு மேலே வண்டி போகாது. அட்லஸ் மலையின் உச்சிக்குப் போகிறவர்கள் இங்கே இறங்கி, மூட்டைகளைக் கோவேறு கழுதைகள் மேல் ஏற்றிவிட்டு நடக்கத் தொடங்குவார்கள். ஊர் ஆண்கள் வழிகாட்டியாக, கழுதைக்காரராக, சமையல்காரராகக் கூடப் போவார்கள். பெலாயித் சமையல்காரன். கீழே பேட்டையில் ஹாஜ் தையிப்பின் கடை இருந்தது. கூடாரம், ஊன்றுகோல், தூக்கப்பை எல்லாம் அங்கே வாடகைக்குக் கிடைக்கும். ஏப்ரலில் பருவம் முடிந்ததும் பைகள் மூட்டை மூட்டையாகக் கில்தூமின் வீட்டுக்கு வரும்.

அவள் ஆலிவ் சோப்பைச் சீவி வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து, ஒவ்வொரு பையாக மூழ்கவைத்து அமுக்குவாள். முறுக்க மாட்டாள், பிழிய மாட்டாள். தண்ணீர் குடித்த வாத்துத் தூவி ஓர் ஆள் கனம் கனக்கும். ஒரு முனையைப் பிடித்துத் தூக்கினால் உள்ளே அறைகளைப் பிரித்திருக்கும் மெல்லிய துணி அறுந்து தூவியெல்லாம் கால்பக்கம் சரிந்துவிடும். அதனால் தூங்கும் குழந்தையை எடுப்பதுபோல இரண்டு கையாலும் அடியில் ஏந்தி எடுப்பாள். மொட்டை மாடி நிழலில் மூன்று நாள் பரப்பி, மணிக்கொருதரம் திருப்பிப் போட்டு, கட்டிதட்டிய இடங்களை விரலால் உதிர்ப்பாள். காய்ந்துவிட்டது என்று தோன்றிய பிறகும் ஒரு நாள் விடுவாள். முகர்ந்தால் நனைந்த கோழி வாசனை துளியும் வரக் கூடாது. பிறகு அடைத்து வைக்காமல் உத்தரத்தில் தொங்கவிடுவாள். கோடை முழுக்க அந்த வீட்டில் நிமிர்ந்து நடக்க முடியாது. “ஊருக்கே படுக்கை, நமக்கு மட்டும் நிக்க இடமில்ல,” என்பான் பெலாயித், பைகளைக் கையால் விலக்கிக்கொண்டே.

இரண்டு வருடத்துக்கு முன் ஹாஜ் கடையிலேயே ஒரு துவைக்கும் இயந்திரம் வாங்கிப் போட்டார். பருவத்தின் நடுவே பைகள் அதில் சலவைத்தூளோடு சுழன்று, கொடியில் தொங்கி, ஈரம் முழுக்கப் போவதற்குள் உறைக்குள் திணிக்கப்பட்டன. இந்த ஏப்ரலில் வந்த மூட்டையைப் பிரித்தபோது பல பைகளைக் காப்பாற்ற முடிந்தது. ஆறை முடியவில்லை.

அந்த மூட்டையோடு ஒரு கட்டு லேபிளும் வந்திருந்தது. வெள்ளைப் பட்டுத் துணியில் கறுப்பாக, மைனஸ் பதினைந்து. அத்தனை டிகிரிக் குளிர்வரை பை தாங்கும் என்று அர்த்தம்.

“பழசெல்லாம் அழிஞ்சுபோச்சு மகளே. புதுசைத் தெச்சுடு,” என்றார் ஹாஜ்.

“இதுல ஒண்ணுகூட மைனஸ் அஞ்சுக்குக் கீழ தாங்காதே ஹாஜ்.”

“லேபிளா சூடு குடுக்கப் போவுது? சும்மா ஒரு நம்பர்.”

அவள் தைத்தாள். எல்லாவற்றுக்கும் தைத்துவிட்டுத்தான் துவைக்கவே தொடங்கினாள். காய்ந்தபின் அந்த ஆறும் தேறாது என்று தெரிந்து முடிச்சுப் போட்டபோது, தலையணை ஆகப்போகிற பைக்கு லேபிள் இருந்தால் என்ன என்று பிரிக்காமல் விட்டுவிட்டாள். ஹாஜிடம் ஆறையும் தனியே காட்டினாள். “உள்ள தூவி இல்ல ஹாஜ். ஆறுன சோத்துக் கட்டி. ஆளுக்குக் குடுத்துடாதீங்க.” அவர் தாடியைத் தடவிக்கொண்டு சரி சரி என்றார்.

இப்போது ஆறில் ஒன்று அவள் முற்றத்தில் கிடந்தது.

“எப்படி இது அவருக்கு வந்துச்சு?” என்று அவள் பெலாயிதின் தம்பி ஹம்முவிடம் கேட்டாள். அவன் கழுதைக்காரன். அண்ணனைக் கீழே கொண்டுவந்தது அவனுடைய கழுதைதான். கதவோரம் நின்று, கயிறு அறுத்த உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“எனக்கென்ன தெரியும் அண்ணி? நான் கழுதைங்களோட கீழ் முகாம்ல இருந்தேன். டாக்டர் வந்து பாத்துட்டு எழுதிக் குடுத்துட்டாரு. இதயம் நின்னுபோச்சாம்.”

“எந்தச் சாவுலதான் இதயம் நிக்காம ஓடுது?”

“அண்ணி.”

“நாப்பத்தொரு வயசு. போன வாரம் வால்நட் மரத்துல ஏறி நாள் முழுக்க உலுக்குன ஆளு. இதயமாம்.”

“மெதுவா பேசு. வெளியில ஆளுங்க வந்துட்டிருக்காங்க.”

அவள் பையைச் சுருட்டாமல் அப்படியே அள்ளிக்கொண்டு போய்த் தானிய அறையில் வைத்துக் கதவைச் சாத்தினாள்.

ஆண்கள் பெலாயிதை அடக்கம் செய்ய எடுத்துக்கொண்டு மேட்டுக்குப் போனபின் வீட்டில் பெண்கள் மட்டும் இருந்தார்கள். கில்தூமுக்கு வெள்ளை உடுத்தியிருந்தார்கள். கணவனை இழந்தவளுக்கு இனி நான்கு மாதமும் பத்து நாளும் வெள்ளைதான், வீட்டோடுதான். அடுக்களையில் கோதுமைக் குருணைக் கூஸ்கூஸ் அவிந்துகொண்டிருந்தது. பக்கத்து வீட்டுத் தமூ தேநீர்த் தட்டோடு சுற்றிவந்தவள், ஒரு மூலைக்குப் போகாமலே திரும்பினாள்.

“அந்தக் காசாப்ளாங்கா பட்டணத்துக்காரிக்கு நான் ஊத்த மாட்டேன். வேணும்னா அவளே வந்து எடுத்துக்கட்டும்.”

மூலையில் இருபத்திரண்டு இருபத்துமூன்று வயதுப் பெண் ஒருத்தி இருந்தாள். மலைக்குப் போடும் கால்சட்டை, யாரோ கொடுத்த பூப்போட்ட தலைத்துணி. மடியில் ஒரு பெரிய பொதியை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டிருந்தாள். அது என்னவென்று கில்தூமுக்குத் தூரத்திலேயே தெரிந்தது. பெலாயிதின் தூக்கப்பை.

அந்தப் பையை மூன்று வருடத்துக்கு முன் ஒரு குளிர்காலத்தில் அவள் கையால் செய்தாள். செத்த இரண்டு பைகளைக் கேட்டு வாங்கி, தையலைப் பிரித்து, நல்ல தூவியை மட்டும் பொறுக்கி, அவன் உயரத்துக்கு அளந்து, தோள்பட்டையில் கூடுதலாக அடைத்துத் தைத்தாள். தூவி பறந்துவிடக் கூடாதென்று ஜன்னலையெல்லாம் சாத்திக்கொண்டு வேலை செய்தாள். ஒருநாள் கதவைத் திறந்த பெலாயித் அவள் புருவத்திலும் மூக்கிலும் ஒட்டியிருந்ததைப் பார்த்துவிட்டு, “அடைகாக்குறியா? முட்டை எங்க?” என்று கேட்டு, அவள் செருப்பை எறியும்வரை சிரித்துக்கொண்டிருந்தான். பிள்ளையில்லாத வீட்டில் அப்படியொரு கேலியை அவன் ஒருவனால்தான் செய்யமுடியும்.

கில்தூம் போய் அந்தப் பெண்ணுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

“பேரென்ன?”

“கீதா, லல்லா.” நகரத்து அரபுப் பெயர்; ‘லல்லா’ மூத்தவளுக்குத் தரும் மரியாதை.

“இந்தப் பை உங்கிட்ட எப்படி வந்துச்சு?”

அவள் அழத் தொடங்கினாள்.

“அழாத. அழுறதுக்கு இந்த வீட்ல ஆளு நெறைய இருக்கு. நீ சொல்லு.”

கீதா மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். இதுதான் அவளுக்கு முதல் மலை. ஒரு மாதமாகப் படித்துப் படித்துத் தயாரானாள். கடையில் மற்ற எதையும்விடப் பையைப் பற்றித்தான் அதிகம் கேட்டாள்.

“தூவியா, பஞ்சான்னு கேட்டேன் லல்லா. எப்பத் தொவச்சதுன்னு கேட்டேன். இந்த நம்பர் சுகமா தூங்குற குளிரா, இல்ல சாகாம விடியுற குளிரான்னுகூடக் கேட்டேன். ஹாஜ் சிரிச்சாரு. லேபிளைத் திருப்பிக் காமிச்சு, ‘மைனஸ் பதினஞ்சு மகளே, உள்ள வேர்த்து ஊத்தும்’னாரு. நான் நம்பிட்டேன்.”

கில்தூமின் விரல்நுனிகள் வால்நட் தோலின் கறையில் கறுத்திருந்தன. அவற்றை வெள்ளைத் துணிக்குள் இழுத்துக்கொண்டாள்.

“அப்புறம்?”

“சாயங்காலமே பனி கொட்ட ஆரம்பிச்சுது. ஒரே காத்து. நான் பையில எல்லாத் துணியும் போட்டுட்டுப் படுத்தேன். கல்லு மேல படுத்த மாதிரி இருந்துச்சு. பல்லு கிட்டிப்போச்சு, விரல் மடங்கல. வெந்நீர் கேக்கலாம்னு பையைப் போத்திக்கிட்டே சமையல் கூடாரத்துக்குப் போனேன். அவரு டீ போட்டுக் குடுத்தாரு. நடுங்குறதைப் பாத்துட்டு, பையைக் கொண்டான்னு வாங்கித் தொட்டுப் பாத்தாரு. கால்பக்கம் வரைக்கும் தடவிக்கிட்டே போனாரு. அங்க என்னமோ கையில பட்ட மாதிரி நின்னாரு.”

“என்ன சொன்னாரு?”

“‘இது என் பொண்டாட்டி தள்ளி வெச்ச பையாச்சே’ன்னு. அவரோடதை எடுத்து எனக்குக் குடுத்தாரு. நான் வேணாம்னேன் லல்லா, சத்தியமா வேணாம்னேன். ‘சமையல்காரனுக்கு என்னம்மா குளிரு, அடுப்புப் பக்கத்துலயே படுக்குறவன்’னாரு. இது உங்க கையால பண்ணது, ரொட்டி அடுப்பு மாதிரி இருக்கும்னாரு. இருந்துச்சு. நான் தூங்கிட்டேன். விடியுற வரைக்கும் தூங்கிட்டேன்.”

அவள் பொதியை நீட்டினாள். கில்தூம் வாங்கவில்லை.

பெலாயித் ஒருநாளும் அடுப்பை எரியவிட்டுத் தூங்கியதில்லை. மூடிய கூடாரத்தில் எரிகிற அடுப்பு ஆளைத் தூக்கத்திலேயே கொல்லும் என்பதை ஒவ்வொரு புது ஆளுக்கும் அவன்தான் சொல்லிக்கொடுப்பான். அடுப்பை அணைத்திருப்பான். கூடாரக் கயிறுகளைக் கட்டி நனைந்த சட்டையோடு அந்தப் பைக்குள் போயிருப்பான். முடிச்சைத் தொட்டுப் பார்த்துவிட்டு, என்னவென்று தெரிந்தே போயிருப்பான். அவளுக்கு ஹாஜ் மேல் வந்த கோபம் ஒரு கணம் திசைமாறிப் பெலாயித் மேல் பாய்ந்தது. வழிகாட்டியை எழுப்பியிருக்கக் கூடாதா? இரண்டு பேராக ஒரு கூடாரத்தில் நெருங்கிப் படுத்திருக்கக் கூடாதா? பெரிய மனுஷன். ரொட்டி அடுப்பாம்.

“தமூ,” என்றாள் கில்தூம் திரும்பாமலே, “இவளுக்கு டீ ஊத்து.”

“நானா?”

“ஊத்துன்னு சொன்னேன். இந்தப் பொண்ணு கேக்க வேண்டிய கேள்வியையெல்லாம் கேட்டிருக்கா. நம்ம ஊர்ல ஒருத்தரும் கேக்கல.”

ஆண்கள் திரும்பிவந்து மேல்அறையில் உட்கார்ந்தார்கள். ஓதும் சத்தம் எழுந்து அடங்கியது. கூஸ்கூஸ் தட்டுகள் மேலே போயின. ஹாஜ் தையிப்பும் வந்திருந்தார். அவருடைய ஆள், துக்க வீட்டுக்கு வழக்கமாகத் தரும் நீலத்தாள் சுற்றிய சர்க்கரைக் கூம்புகளைக் கொண்டுவந்து அடுக்களை வாசலில் அடுக்கிவிட்டுப் போனான். சற்று நேரத்தில் ஹம்மு படியிறங்கி வந்தான். அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

“அண்ணி, அந்தப் பை எங்க?”

“எந்தப் பை?”

“அண்ணன் வந்த பை. ஹாஜ் கேக்குறாரு. வீட்ல இருந்தா உனக்குப் பாக்கப் பாக்க மனசு கஷ்டமா இருக்குமாம். எடுத்துட்டுப் போயிடுறேங்குறாரு.”

“என் மனசு மேல அவ்ளோ அக்கறையா?”

“கடைப் பொருள்தானே அண்ணி. குடுத்துடு. சனிக்கிழமை பத்துப் பேர் கொண்ட கூட்டம் மேல போவுது. நானும் போறேன். இந்தச் சமயத்துல அவரோட தகராறு வேணாம்.”

சனிக்கிழமை, பத்துப் பேர். கில்தூமின் மனம் அந்த இடத்தில் நின்றது. ஆறில் ஒன்று தானிய அறையில் இருக்கிறது. மீதி ஐந்து?

“ஹம்மு, அந்தப் பத்துப் பேருக்கும் பை எங்கேர்ந்து வருது?”

“கடையிலேர்ந்துதான். வேற எங்கேர்ந்து?”

அவள் எழுந்தாள். தமூ அவள் கையைப் பிடித்தாள். “எங்கடி போற? வெள்ளை கட்டிட்டு ஆம்பளைங்க நடுவுல போவியா? ஊர் என்ன சொல்லும்?” கில்தூம் கையை விடுவித்துக்கொண்டு தானிய அறைக்குப் போய்ப் பையை எடுத்தாள். தையல் டப்பாவிலிருந்து சிறிய கத்தரிக்கோலையும் எடுத்துக்கொண்டாள். ஹம்மு படியை மறித்து நின்றான். அவள் அவனைப் பார்த்தபடி நின்றாள். அவன் விலகினான்.

மேல்அறையில் முப்பது பேர் இருக்கும். கைகள் தட்டுக்கும் வாய்க்கும் நடுவில் நின்றன. ஹாஜ் ஜன்னலுக்குக் கீழே, மெத்தையின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார்.

“மகளே கில்தூம், அல்லாஹ் உனக்குப் பொறுமையைக் குடுக்கட்டும். நீ ஏன் ஏறிவந்தே? ஹம்முகிட்ட குடுத்துவிட்டிருக்கலாமே.”

“உங்க கையிலயே குடுக்கலாம்னுதான் ஹாஜ்.”

அவள் ஜன்னலுக்குப் போய்ப் பையை இரண்டு கையாலும் விரித்து வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள். பிற்பகல் வெயில் அதற்குள் நுழைந்து மறுபக்கம் வந்தது. ஜன்னலின் இரும்புக் கம்பிகள் நாலும் துணிவழியே தெளிவாகத் தெரிந்தன. கால்பக்கத்தில் மட்டும் கறுப்பாக மூன்று நான்கு கட்டிகள்.

“எல்லாரும் பாத்துக்குங்க. இதுக்குள்ள படுத்துத்தான் எம் புருஷன் செத்தாரு. கம்பி தெரியுதா? நல்ல பைன்னா அதுக்குப் பின்னால வெச்ச கைகூட வெளிச்சத்துல தெரியாது.”

“கில்தூம்,” என்றார் பள்ளிவாசல் இமாம் தணிந்த குரலில், “இது துக்க வீடும்மா.”

“ஆமா, என் வீடு. என் துக்கம். ஹாஜ், கையை உள்ள விட்டுப் பாருங்க. தூவி எங்கயாவது தட்டுப்படுதான்னு சொல்லுங்க.”

ஹாஜ் கையை நீட்டவில்லை. “துக்கத்துல பேசுறா, யாரும் மனசுல வெச்சுக்காதீங்க. பெலாயித் எனக்கும் தம்பி மாதிரிதான். தன் பையைத் தானாத்தான் குடுத்திருக்கான், நல்ல மனுஷன். அவனவனுக்கு விதிச்ச நேரம்னு ஒண்ணு இருக்கு. அதை நாம மாத்த முடியுமா?”

“விதிச்ச நேரத்தை எழுதுறது அல்லாஹ். இந்த நம்பரை எழுதுனது நீங்க.”

அவள் தரையில் உட்கார்ந்து, பையின் கழுத்துப் பக்கத்தைத் திருப்பி, கத்தரி முனையால் லேபிளின் தையலை ஒவ்வொன்றாக வெட்டினாள். லேபிள் கழன்றதும் அதை ஹாஜின் முன்னாலிருந்த தட்டின் ஓரத்தில் வைத்தாள்.

“இந்தத் தையல் என்னுது. பொய்னு தெரிஞ்சுதான் தெச்சேன். அதுக்கு நான் பதில் சொல்றேன், எங்க வேணும்னாலும் வந்து சொல்றேன். ஆனா கால்பக்கம் இருக்குற முடிச்சும் என்னுதுதான். ஆறு பைக்குப் போட்டேன். குடுக்காதீங்கன்னு உங்க மூஞ்சியப் பாத்துச் சொன்னேன். மீதி அஞ்சு எங்க ஹாஜ்?”

“என்ன அஞ்சு?”

“தலகாணி ஆயிடுச்சா? இல்ல சனிக்கிழமை மேல போவுதா?”

ஹாஜ் சுற்றிப் பார்த்தார். அவருக்கு வேலை செய்கிற கழுதைக்காரர்கள் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கதவோரத்திலிருந்து பெலாயிதோடு மேலே போயிருந்த வழிகாட்டி யூபாவின் குரல் வந்தது.

“போன தடவையே ரெண்டு பேர் குளிருதுன்னு அழுதாங்க ஹாஜ். நான் கடையில வந்து சொன்னேன். நீங்க சொன்னீங்க, ‘உனக்கு இஷ்டமில்லன்னா வேற வழிகாட்டி கெடைப்பான்’னு.” அவன் தட்டைத் தள்ளி வைத்தான். “நான் போனேன். அதையும் சொல்லிடுறேன்.”

ஹாஜ் எழுந்தார். மேலங்கியை உதறினார். “சோத்துக்கு முன்னால உக்கார வெச்சு ஒரு ஹாஜிய அவமானப்படுத்துறீங்க. சரி. மலை எங்கயும் போயிடாது, வேலைக்கு ஆளும் எங்கயும் போயிடாது.” படியிறங்கும்போது அவர் செருப்புச் சத்தம் ஒவ்வொரு படியிலும் கேட்டது. அவருக்காக யாரும் எழவில்லை. ஆனால் மறுபடி சாப்பிடவும் யாரும் கையை வைக்கவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகைக்குப் பிறகு காவல் சார்ஜன்ட் ஏறிவந்தார். யூபா சொல்லியனுப்பியிருந்தான். முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, முழங்கால் மேல் வைத்து எழுதினார். ஹம்மு கொட்டகை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான்.

“லேபிளைத் தெச்சது நீங்கதான்னு எழுதட்டுமா?” என்று சார்ஜன்ட் கேட்டார். “எழுதுனா உங்களையும் கூப்பிடுவாங்க. யோசிச்சுச் சொல்லுங்க.”

“எழுதுங்க.”

“அண்ணி!” என்றான் ஹம்மு. “அண்ணன் போயிட்டாரு. நீயும் உள்ள போயிட்டா இந்த வீட்ல யாரு இருக்கா? ஹாஜ் என்னை இனிமே வேலைக்குக் கூப்பிடவே மாட்டாரு. கழுதைய வித்துட்டு நான் என்ன பண்றது? எல்லாரும் வாயை மூடிட்டு இருக்கும்போது உனக்கு மட்டும் என்ன வந்துச்சு?”

“உங்கண்ணன் வந்தாரு,” என்றாள் கில்தூம். “உன் கழுதை மேல.”

அவன் முகம் சுருங்கியது. கழுதையை அவிழ்த்துக்கொண்டு கீழே போய்விட்டான். அன்று முழுக்க அவன் வீட்டுக்கு வரவில்லை. அவள் எழுத்துக்கூட்டித் தன் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டாள். சார்ஜன்ட் பையையும் லேபிளையும் எடுத்துக்கொண்டு, கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனார். போனாரா என்று யாருக்கும் தெரியவில்லை.

கீதா அன்று காலையே ஊருக்குக் கிளம்பிப் போயிருந்தாள். பெலாயிதின் பையை அடுக்களையில் சர்க்கரைக் கூம்புகளின் பக்கத்தில் வைத்துவிட்டுப் போயிருந்தாள். யாரும் அதை நகர்த்தவில்லை.

சனிக்கிழமை காலை கில்தூம் மாடிக்கு ஏறினாள். வெளியே போகக் கூடாது, மாடிக்குப் போகலாம். மேலே கணவாய் முழுக்க வெண்மையாக இருந்தது. கீழே வால்நட் மரங்களுக்கு நடுவே வண்டிகள் வந்து நிற்கும் திடலில் இரண்டு வேன்கள் நின்றன. வண்ணச் சட்டை போட்ட பத்துப் பேர் வெயிலுக்காகச் சுவரோரம் ஒதுங்கியிருந்தார்கள். மூட்டைகள் தரையில் குவிந்திருந்தன. கழுதைகள் சேணத்தோடு வரிசையாக நின்றன. ஹம்முவின் சாம்பல் கழுதையும் வரிசையில் இருந்தது.

யூபா குவியலில் குனிந்து ஓர் உறையிலிருந்து பையை உருவினான். அதைத் தரையில் நீட்டிப் போட்டு, கால்முனைக்குப் போய் உட்கார்ந்தான். பிறகு இன்னொன்று. ஹாஜின் கார் வந்து நின்றது. கைகளை வீசி யாரோ பேசினார்கள். இவ்வளவு உயரத்துக்குச் சத்தம் எட்டவில்லை, நாய் குரைப்பது மட்டும் கேட்டது. வண்ணச் சட்டைக்காரர்களில் இரண்டு பேர் நடுவில் வந்து நின்றார்கள். மரங்கள் மறைத்துக்கொண்டன. அவள் வெகுநேரம் நின்று பார்த்தாள். வெயில் ஏறியது. கால் மரத்துப்போனது.

படிக்கட்டுப் பாதையில் கழுதை மணி கேட்டது. அது மலைக்குப் போகும் பாதையல்ல, வீட்டுக்கு வருவது. கில்தூம் இறங்கிப் போய்க் கொட்டகையின் தாழ்ப்பாளை நீக்கினாள். ஹம்மு கழுதையை முன்னால் விட்டுப் பின்னால் வந்தான். அவன் கயிற்றை முளையில் சுற்றிக்கொண்டே சுவரைப் பார்த்துப் பேசினான்.

“முடிச்சுப் போட்டதுல மூணு கெடைச்சிடுச்சு. மீதி ரெண்டைக் கடையில தேடுறாங்க. சார்ஜன்ட் நிக்குறாரு.” பிறகு, “பார்லி இருக்கா அண்ணி?” என்றான்.

“இருக்கு.”

அவள் முறத்தில் அள்ளி வந்து தொட்டியில் கொட்டினாள். ஹம்மு வயிற்றுவாரை அவிழ்த்துச் சேணத்தை இறக்கினான். எந்தப் பாரமும் ஏறாத கழுதையின் முதுகு துளி வியர்வையில்லாமல் உலர்ந்திருந்தது. அவன் அதை உள்ளங்கையால் ஒருமுறை தடவிவிட்டு அப்படியே நின்றான். கழுதை பார்லியைக் கடித்து மெல்லும் சத்தம் கொட்டகை முழுக்கக் கேட்டது.